எல்லாக் கைடும் கோணல்

அக்கா, கால்ல இடிச்சிருச்சுங்களா? மன்னிச்சுக்கங்க. சித்தெ அந்தப் பக்கம் நகந்து உக்காருங்க, நான் இதைச் சன்னலோரமா இழுத்துக்கறேன். ஒண்ணும் பயப்படாதீங்க, இரும்புதான். சாக்குல சுத்தியிருக்கறதால ஒரு மாதிரியாத் தெரியுது. ஏறும்போதே கண்டக்டரண்ணன் கேட்டாரு, "என்னம்மா இது, பீரங்கியா? பொள்ளாச்சியில சண்டையா?"ன்னு. எனக்கு வெக்கமாப் போயிருச்சு. தலையைக் குனிஞ்சுட்டு ஏறிட்டேன்.

எனக்கு வெளியாளுங்ககிட்டப் பேச வராதுங்க. சின்னதுலருந்தே அப்படித்தான். அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன், டீச்சர் என் பேரைக் கேட்டாக்கூட பக்கத்துல இருக்கற புள்ளைதான் எந்திரிச்சு 'கலாமணிங்க டீச்சர்'னு சொல்லும்.

இதுக்குப் பேரு கைடுங்க. மரம் அறுக்கற மேசை மிஷின் பாத்திருக்கீங்களா? இரும்பு மேசை, நடுவுல வட்டமாப் பல்லு வெச்ச பிளேடு மேல எட்டிப் பாத்துட்டு இருக்கும். மோட்டாரைப் போட்டா பிளேடு சுத்தும். பலகையை இந்தப் பக்கமிருந்து தள்ளுனா அந்தப் பக்கம் ரெண்டா வந்து விழும். ஆனா நேராப் போகணும்ல? வெறும் கையில தள்ளுனா அது சந்தைக்குப் போற ஆட்டுக்குட்டியாட்டம் கண்ட பக்கமெல்லாம் போகும். அதுக்குத்தான் பிளேடுக்குப் பக்கத்துல அணையா இந்தச் சட்டத்தைப் பூட்டறது. இதுல ஒட்டித் தள்ளுனா கோடு போட்டாப்புல வரும். இது சரியில்லேன்னா மிஷினே சரியில்லை.

எங்க மிஷின் பழசுங்க. மூடிப்போன ஒரு கம்பெனியில ஏலத்துல எடுத்தாரு எங்க வீட்டுக்காரரு. பேரு... பேரு வேண்டாமே. அதா, கடைசி சீட்டுல பாப்பாவை மடியில வெச்சுட்டு இருக்காரே, கட்டம் போட்ட சட்டை, அவருதான். மிஷின் வந்தப்ப மேசை இருந்துச்சு, மோட்டாரு இருந்துச்சு, கைடு மட்டும் இல்லை. வித்தவங்களைக் கேட்டா, "எங்கயோ போயிருச்சுங்க"ங்கறாங்க. பசு மாட்டை வாங்கிட்டு வந்து பாத்தா காம்பு இல்லைங்கற மாதிரி.

"அதனால என்ன, நானே ஒண்ணு வெச்சுக்கறேன்"னாரு. ஒரு இரும்பு ஆங்கிளை எடுத்து ரெண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்குவாரு. ஒவ்வொரு பலகைக்கும் அளக்கோணும். முன்னாடி அவரு டேப்பு பிடிப்பாரு, பின்னாடி நான். மிஷினுக்குப் பின்னாடிதானுங்க எனக்கு வேலை. அவரு தள்ளுற பலகையை அந்தப் பக்கமிருந்து வாங்கறது. "சரியா புள்ள?"ம்பாரு. நான் தலையை ஆட்டுவேன். அவரு டேப்பைப் பாத்துட்டு இருப்பாரு, என் தலையைப் பாக்கமாட்டாரு. நான் இல்லேன்னு ஆட்டுனாலும் ஆமான்னு எடுத்துக்குவாரு. வாயைத் திறந்து சொல்லலாம்ல புள்ளைன்னு கேப்பீங்க. பக்கத்துலயே எங்க அத்தை கீரை ஆய்ஞ்சுட்டு உக்காந்திருப்பாங்களே!

எங்க வீட்டுல பெரியவங்க முன்னாடி புருசன் மொகத்தைப் பாத்துப் பேசற வழக்கம் இல்லீங்க. அத்தை ஒண்ணும் கெட்டவங்க இல்லை. ஆனா அவங்க காலத்துல அப்படி, அதனால இப்பவும் அப்படி. நான் எது சொல்லோணும்னாலும் பாப்பாகிட்டத்தான் சொல்லுவேன். "பாப்பா, அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு சாமி." அவரும் பாப்பாகிட்டயே, "குழம்பு என்னன்னு அம்மாவைக் கேளு"ம்பாரு. பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியா? அப்ப ஆட்டுக்குட்டிகிட்டச் சொல்லுவேன். சிரிக்காதீங்கக்கா, அந்த ஆட்டுக்கு எங்க வீட்டு விசயம் அத்தனையும் தெரியும்.

அப்புறம் என்னாச்சுன்னா, மிஷின் ஓடற அதிர்வுல கிளாம்ப் நகந்துரும். பாதிப் பலகை ஒரு வாக்கா, மீதி ஒரு வாக்கா வரும். எங்க வீதி டீச்சரம்மா வீட்டு அலமாரிக்குக் கதவு செஞ்சு மாட்டுனோம். மேல கச்சிதமா மூடுது, கீழ வாயைத் தொறந்துட்டு நிக்குது. டீச்சரம்மா நல்லவங்க, சத்தம் போடலை, "தம்பி, இதை எடுத்துட்டுப் போயிருங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. அதுதான் ரொம்ப வலிச்சுது. எங்க அத்தை அந்தக் கதவைச் சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டு, "எம்மவன் பல்லிக்குத் தனி வாசல் வெச்சுக் குடுத்துருக்கான்"னாங்க.

அன்னைக்குத்தான் அவரு சொன்னாரு. "இந்த வாரம் கைடு கிடைச்சாச் சரி. இல்லேன்னா மிஷினை வந்த விலைக்குத் தள்ளிட்டு நான் பெங்களூரு போறேன்."

பெங்களூருல பெரிய பெரிய வீட்டுக்கெல்லாம் சமையல்கட்டு அலமாரி செய்யற காண்ட்ராக்டர் ஒருத்தரு இருக்காரு. முன்னாடி அவருகிட்டத்தான் இவரு வேலை. பாப்பா வயித்துல இருக்கறப்பப் போனாரு. திரும்பி வந்தப்பப் பாப்பா எந்திரிச்சு உக்காந்திருச்சு. இவரு ஆசையாத் தூக்கப் போனா, யாரோ புள்ளை பிடிக்கறவன் வந்துட்டாப்புல வீறிட்டு அழுது என் சீலைக்குள்ள பூந்துக்கிச்சு. இவரு வாசல்ல போயி நின்னுட்டு ரொம்ப நேரம் செருப்பைத் தொடைச்சுட்டு இருந்தாரு. பெங்களூரு மண்ணு அப்படி ஒட்டும் போல இருக்குது.

எனக்கு ஒண்ணும் இல்லீங்க, போனாப் போகட்டும். பாப்பாதான் ஏங்கிப் போயிரும். அதனாலதான் சொல்றேன்.

அவருக்குப் பெங்களூருன்னா உசுருங்கக்கா. எப்படா போலாம்னு இருப்பாரு. பையை ரெடியா மாட்டி வெச்சிருக்காரு. அழுக்கா இருக்குதே, அலசிப் போடலாம்னு ஒருநாள் திறந்தேன். உள்ள மிஷினுக்குப் போடற கிரீஸ் டப்பாவும் பாப்பாவோட குல்லாவும்தான் இருக்குது. ஒரு சட்டை எடுத்து வைக்கலை. அப்படி ஒரு அவசரம். டிக்கெட் போடறேன் போடறேன்னுட்டு அதையும் மறந்துட்டாரு. மறுக்காவும் மறந்துட்டாரு. போற ஆசையில மறதி வந்துரும் போல.

சரி, கைடைத் தேடிக் கிளம்புனோம். உக்கடத்துல பழைய மிஷின் சாமான் விக்கிற கடை வரிசையா இருக்குதுங்களே, அங்க ஜப்பார் பாய்னு ஒருத்தரு. கடையா அது? மோட்டாரும் புல்லியும் செயினும் குவிஞ்சு கிடக்கு, அதுக்கு மேல ஒரு பூனை படுத்துட்டு இருக்கு. கைடுன்னு சொன்னதும் உள்ள போயி உருட்டிப் புரட்டி மூணு எடுத்துட்டு வந்து போட்டாரு.

மொதல்ல ஒண்ணு, அலுமினியம். கல்யாண வீட்டுக் குத்துவிளக்காட்டம் பளபளன்னு. இவரு கையால தடவித் தடவிப் பாக்கறாரு. ரெண்டாவது வார்ப்பு இரும்பு, செமக் கனம். மூணாவது இதுதான், இந்தச் சாக்குக்குள்ள இருக்கறது. பச்சைப் பெயிண்டு, பாதி உரிஞ்சு போயி, யாரோ கோவிச்சுட்டு வீசுனாப்புல இருந்துச்சு. அதை இவரு திரும்பிக்கூடப் பாக்கலை.

நேரா இருக்குதான்னு பாக்கறதுக்கு இவரு ஒரு பலகை கொண்டு வந்திருந்தாரு. காத்தால எந்திரிச்சதும் எங்க மேசை நீளத்துக்கு அறுத்து எடுத்தது. நல்ல தேக்குத் துண்டு, ஒரு முனைக்குக் கிட்ட ஒரு கணு. அதை நிறுத்தி வெச்சுக் கைடோட ஒட்டிப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, ரெண்டுக்கும் நடுவுல சந்து தெரியுதான்னு பாத்தாரு. பாத்துட்டு உதட்டைப் பிதுக்குனாரு.

"பாய், வெளிச்சம் தெரியுது. இது கோணல்."

"அலுமினியம் தம்பி, கம்பெனிப் பீசு!"

"கம்பெனிப் பீசுதான், கோணல் கம்பெனி."

ரெண்டாவதை வெச்சுப் பாத்தாரு. அதுலயும் வெளிச்சம். "இதுவும் கோணல் பாய்." பச்சையை வேண்டா வெறுப்பா வெச்சுப் பாத்தாரு. அதுவும் கோணல். பாய்க்கு மொகம் செவந்துருச்சு. உள்ள போயி ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துட்டு வந்து, "இதை வெச்சுப் பாருங்க தம்பி"ன்னாரு. இவரு அந்த ஸ்கேலை வாங்கிப் பலகையோட ஒட்டிப் பாத்துட்டுச் சொல்றாரு, "உங்க ஸ்கேலும் கோணல் பாய்."

"யா அல்லா! என் கடையில நேரா இருக்கறது ஒண்ணுமே இல்லையா? நானாச்சும் நேரா நிக்கிறேனா பாத்துச் சொல்லுங்க!"

டீ குடிக்க வந்து நின்னவங்கல்லாம் சிரிக்கறாங்க. இவருக்கு ரோசம். "என் பலகை பொய் சொல்லாதுங்க"ன்னாரு.

நான் பாப்பாவைத் தோள்ல போட்டுட்டுப் பின்னாடிப் பக்கம் நின்னுட்டு இருந்தேன். பழக்கதோசம், எந்த மேசையா இருந்தாலும் நான் வால் பக்கம்தான் போயி நிப்பேன். அங்கிருந்து பாத்தா ஒரு விசயம் தெரியுதுங்கக்கா. எந்தக் கைடை வெச்சாலும் அந்த வெளிச்சம் ஒரே எடத்துலதான் வருது. பலகையில இருக்கற கணுவுக்குப் பக்கத்துல. அலுமினியத்துக்கும் கணுவுக்குப் பக்கத்துல, வார்ப்புக்கும் கணுவுக்குப் பக்கத்துல, ஸ்கேலுக்கும் கணுவுக்குப் பக்கத்துல. அதெப்படி, ஊருல இருக்கற இரும்பெல்லாம் சொல்லி வெச்சாப்புல நம்ம பலகையில கணு இருக்கற எடத்துலயே வளையும்?

அப்பத்தான் எனக்குத் திக்குன்னு ஆச்சு. அந்தப் பலகையைக் காத்தால எதுல அறுத்தாரு? எங்க மிஷின்லதானே! அந்த ஆங்கிள் நகந்து நகந்துதானே அறுத்திருக்கும்!

சொல்லோணும். எப்படிச் சொல்றது? அத்தனை ஆம்பளைங்க. பாப்பா காதுல, "சாமி, அப்பாகிட்டச் சொல்லு"ன்னேன். பாப்பா தூங்கிருச்சுங்கக்கா. அடிச்சுப் போட்டாப்புலத் தூக்கம். உலுக்குனேன், எந்திரிக்கலை. கிள்ளிப் பாக்கலாமான்னுகூட இருந்துச்சு, பாவம், பெத்த மனசு கேக்கலை.

இவரு அதுக்குள்ள போனை எடுத்துட்டாரு. "விடுங்க பாய். நமக்கு அமையலை. நான் பெங்களூருக்கே சொல்லிடறேன்"னுட்டு நம்பரைப் போட்டாரு. காதுல வெச்சாரு, எடுத்தாரு. "டவர் இல்லை"ன்னாரு. உக்கடத்துலங்க! அவ்வளவு பெரிய ஊருல டவர் இல்லையாம், பாருங்க எங்க நேரத்தை. மறுக்கா போட்டாரு. மறுக்காவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் என்னைப் பாக்கறாரு. என்னால வந்த தாமசம்னு கோவமாத்தான் இருக்கும்.

நான் சுத்தி முத்தியும் பாத்தேன். அந்தப் பூனை இருந்துச்சு. அதுகிட்டப் போயி, "பூனை, பூனை, பலகையைத் திருப்பிப் போட்டுப் பாக்கச் சொல்லு"ன்னேன். நெசமாத்தான் சொல்றேன். அது என்னை ஒரு பார்வை பாத்துட்டு எந்திரிச்சு மோட்டாருக்குப் பின்னாடி போயிருச்சு. அதுக்கு என்ன வந்துச்சு? அது வீட்டு ஆளா பெங்களூரு போகுது?

இனி யாரு இருக்கா? யாரும் இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.

"மாமா! அந்தப் பலகையை நம்ம மிஷின்லதானே அறுத்தீங்க! கோணல் அதுதான்! திருப்பிப் போட்டுப் பாருங்க!"

எவ்வளவு சத்தமா வந்துச்சுன்னா, எதுத்த கடையில வெல்டிங் வெச்சுட்டு இருந்தவரு நிறுத்திட்டாரு. கண்ணைத் திறந்தா எல்லாரும் என்னையே பாக்கறாங்க. இவரு போனைக் கையில பிடிச்சுட்டு அப்படியே நிக்கறாரு. பாய் டீ கிளாசை வாய்கிட்டக் கொண்டு போனவரு அங்கயே நிறுத்திட்டாரு.

இவரு மெதுவாப் பலகையைத் தலைமாடு கால்மாடா மாத்திப் போட்டாரு. ஒரு கண்ணை மூடிப் பாத்தாரு. கணு எந்தப் பக்கம் போச்சோ, வெளிச்சமும் அந்தப் பக்கமே போயிருச்சு. கைடை மாத்துனாரு. கணுவோடயே இருக்குது. ஸ்கேலை வெச்சாரு. கணுவோடயே.

பாய் சிரிச்சாரு பாருங்க! கிளாசு டீ பாதி வேட்டியில. "தம்பி, கோணக் குச்சியை எடுத்துட்டு வந்து என் கடை பூராவும் அளந்தீங்களே! நல்லவேளை, என்னை அளக்கலை!"

இவரு கோவிச்சுக்குவாருன்னு நினைச்சேன். அத்தனை பேருக்கு முன்னாடி புருசனைச் சத்தம் போட்டுட்டேனே. இவரு என் பக்கம் திரும்பி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாருங்கக்கா. "கலா, இங்க வா. எதை எடுக்கலாம், நீ சொல்லு"ன்னாரு. வேணும்னே பழி வாங்கறாரு, பேச வராதவளைப் பத்துப் பேரு முன்னாடி பேச வைக்கறாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் வேற வழி?

போனேன். அலுமினியத்துக்குக் கீழ ஓடற தண்டவாளம் தனியா வேணும், அது பாய்கிட்ட இல்லை. அப்ப அது ஆகாது. வார்ப்பைக் கடையில கிடந்த ஒரு மிஷின் மேசையில பூட்டச் சொல்லி, நான் வால் பக்கம் நின்னு தள்ளுனேன். முன்னாடி கல்லாட்டம் நிக்குது, பின்னாடி நகருது. முன்னாடி மட்டும்தான் அதுக்குப் பூட்டு. "இது முன்னாடி இருக்கறவங்களுக்கு நல்லாத்தான் தெரியும். பலகை பின்னாடிதானே வந்து சேருது"ன்னேன். பச்சையைப் பூட்டுனாங்க. அதுக்கு முன்னாடி ஒரு பூட்டு, பின்னாடி ஒரு கொக்கி. திருகை முடுக்குனாக் கொக்கி மேசையைக் கவ்விப் பிடிச்சுக்குது. என் பலத்தையெல்லாம் போட்டுத் தள்ளுனேன். ம்ஹூம்.

"இது பச்சையா இருக்குதே கலா"ன்னாரு, அந்த அலுமினியத்தையே பாத்துட்டு.

"பச்சையா இருந்தா என்ன? பலகைக்கென்ன கண்ணா தெரியுது?"

பாய் சொன்னாரு, "அம்மணி சொன்னாச் சரி. தம்பி, அடுத்த தடவை நீங்க வீட்டுல இருங்க, அம்மணியை மட்டும் அனுப்புங்க."

அப்புறம் நான்தான் சாக்கு கேட்டேன், கயிறு கேட்டேன், எங்க மேசை நீளத்துக்குக் கொக்கி எட்டுமான்னு பலகையை வெச்சுப் பாத்தேன். கோணலா இருந்தாலும் நீளம் நீளந்தானே. சேரலேன்னாத் திருப்பி எடுத்துக்கணும்னு பாய்கிட்ட வாக்கு வாங்குனேன். இவரு ஒரு ஓரமா நின்னு துண்டால கண்ணைத் தொடைச்சுட்டு இருந்தாரு. மிஷின் வேலைன்னா இதுதாங்க தொந்தரவு, மரத்தூள் கண்ணுல போயிரும். அங்க எந்த மிஷினும் ஓடலைதான். ஆனா காத்தால கண்ணுல போனது இருந்திருக்கும்.

பஸ் ஏறுனதும் போயி கடைசி சீட்டுல உக்காந்தவருதான். பாப்பாவையும் வாங்கிட்டாரு. பாப்பா முழிச்சா அவரு மீசையைப் பிடிச்சுத்தான் இழுக்கும், பழகிருச்சுங்க இப்ப. எங்கூட ஒரு வார்த்தை இல்லை. கோவந்தான்.

இந்தாங்க, கடலைப் பொட்டலம். பின்னாடி இருந்து கை மாத்திக் கை மாத்தி வருது பாருங்க. அவரு அனுப்பியிருக்காரு. பாருங்கக்கா, கோவத்துல ஒரு கடலைகூடத் தின்னலை, அப்படியே முழுசா அனுப்பிட்டாரு. நீங்க எடுத்துக்கங்க. எடுத்துக்கங்கக்கா, சூடா இருக்குது.

ஐயோ, இதென்ன, இப்ப அவரு போனும் கை மாத்தி வருது? அண்ணா, அதை இப்படிக் குடுங்க. அடிச்சுட்டே இருக்குது... யாருன்னு பாருங்கக்கா, எனக்கு இங்கிலீசு எழுத்து அவ்வளவா... காண்ட்ராக்டரா? பெங்களூரா? உக்கடத்துல அவரு போட்ட போனு அங்க போயிருக்குது போல! நான் எதுக்குங்க பேசோணும்? ஏனுங் மாமா! மாமா! இது உங்களுக்குங்க! பாருங்க, கண்ணை மூடிட்டாரு. இப்பத்தான் முழிச்சுட்டு இருந்தாரு. கண்ணை மூடிட்டு யாராச்சும் சிரிப்பாங்களா?

எதை அமுக்கோணும், பச்சையா?

அலோ... அலோ, ஆமாங்ண்ணா. இல்லீங்க, அவரு இல்லீங்க. நான் அவரு வீட்டுல பேசறேனுங்க. அவரு தூங்கறாருங்க... ஆமாங், இருமுறாரு, தூக்கத்துல இருமுவாருங்க... திங்கக்கெழமையா? திங்கக்கெழமை வரமாட்டாருங்க. இல்லீங்க, உடம்பெல்லாம் நல்லா இருக்குதுங்க. டீச்சரம்மா வீட்டுக் கதவு இருக்குதுங்க, அதைத் திருத்திக் குடுக்கோணும்... அதுக்கப்புறமா? அதுக்கப்புறம் அவங்க வீட்டுல சன்னல் இருக்குதுங்க. இல்லீங்க, அவங்க இன்னும் சொல்லலை, நான் போயிக் கேக்கப் போறேனுங்க... சரிங்கண்ணா, நீங்க அப்புறமாக் கூப்பிடுங்க. ஆனா மிஷின் ஓடிட்டு இருக்கும், அந்தச் சத்தத்துல எங்களுக்கு ஒண்ணும் கேக்காதுங்க.

அடுத்த மாசமா?

அடுத்த மாசமும் ஓடுமுங்க.